சிவப்பு ஒயர் எங்கே போகிறது?

டிரிங்... டிரிங்...

சித்திரபுரம் மின்சார போர்டு குவார்ட்டர்ஸில், காலைத் தோசையின் முதல் விள்ளலை வாய்க்குக் கொண்டுபோன முத்துசுவாமி அப்படியே நின்றார்.

சாப்பிடும்போது வரும் போன் அவருக்கு நல்ல செய்தி சொன்னதே இல்லை.

எலெக்ட்ரிகல் இன்ஸ்பெக்டர் முத்துசுவாமி, பாலக்காட்டுக் கல்பாத்திக்காரர். இந்த மலையில் யாராவது கரண்ட் அடித்துச் செத்தால், அது விபத்தா, அசட்டையா, கொலையா என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது அவர் உத்தியோகம். அந்தக் கையெழுத்தை நம்பி ஜெயிலுக்கு அனுப்பப்பட்டவர்கள் உண்டு. அதனாலேயே அவருக்கு ராத்திரியில் தூக்கம் சரியாகப் பிடிப்பதில்லை.

"சார், எஸ்.ஐ. ஏசுதாஸ் பேசுறேன். பூமாரி எஸ்டேட் முதலாளி சின்னமுத்து செத்துட்டாரு. படகு கொன்னுருச்சு."

"படகு கவுந்துடுத்தா?"

"கவுழல சார். கரையிலதான் கட்டிக் கிடக்கு. கையால தொட்டாரு... போயிட்டாரு."

தோசை தட்டுக்கே திரும்பியது.

அரை மணியில் ஜீப் அணைத் தண்ணீரின் ஓரத்தில் நின்றது. மூடுபனி இன்னும் விலகவில்லை. தேயிலைச் சரிவில் கொழுந்து பறிக்க வந்த பெண்கள் கூடையோடு அசையாமல் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

படகுத்துறையின் ஈரமான சிமென்ட் படியில் சின்னமுத்துவை ஒரு ஜமக்காளத்தால் மூடியிருந்தார்கள். வலது உள்ளங்கை மட்டும் வெளியே தெரிந்தது. அதன் குறுக்கே கருகிய கோடு!

காலையில் அவர் படியில் நின்று, படகின் இரும்புக் கைப்பிடிக் கம்பியைப் பிடித்திருக்கிறார். பிடித்த கை விடவில்லை. படகோட்டி சோலைதான் மூங்கில் கழியால் அடித்து அந்தக் கையை விடுவித்தானாம். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

முத்துசுவாமி படகைப் பார்த்தார்.

அணை கட்ட வந்த வெளிநாட்டு எஞ்சினியர்கள் விட்டுப்போன பழைய ஜெர்மன் படகு அது. உடம்பு முழுக்க இரும்பு. சின்னமுத்து அதை ஏலத்தில் எடுத்து, விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு அணையைச் சுற்றிக் காட்டுவார். உள்ளே ஒரு குட்டி ஃபிரிட்ஜ், குளிருக்கு ஒரு ஹீட்டர். கரையில் நிற்கும்போது பக்கத்து பம்ப் ஷெட்டிலிருந்து ஒரு நீள ஒயர் வழியாக அதற்குக் கரண்ட் போகும்.

வினை அந்த ஒயரில்தான் இருந்தது.

படகின் பக்கவாட்டில் ஒரு வட்டக் குழி. உள்ளே இரண்டு பின், ஓரத்தில் இரண்டு பித்தளை நாக்கு. ஒயரின் ஒரு தலை அதற்கு அச்சாகப் பொருந்தும். மறு தலை நம் ஊர்ச் சாக்கெட்டில் போக வேண்டும். இங்கேயோ பெரிய துளை ஒன்று, சின்னத் துளை இரண்டு. ஜாதகம் எந்தக் கட்டத்திலும் பொருந்தாத கல்யாணம்! இரண்டையும் சேர்த்துவைக்கும் அடாப்டருக்காகக் கோயமுத்தூர் வரை ஆள் விட்டும் கிடைக்கவில்லை. கடைசியில் போன மாதம் எஸ்டேட் வயர்மேன் நல்லதம்பி மறு தலையில் இருந்த ஜெர்மன் பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு, மூன்று பின் பிளக் ஒன்றை மாட்டித் தந்திருக்கிறான்.

"ப்ரதி, அதான் குற்றவாளி, லாக்கப்புல இருக்கான் சார். நல்லதம்பிதான்" என்றார் ஏசுதாஸ், பாதி வேலை முடிந்துவிட்ட நிம்மதியில்.

காரணமும் கைவசம் வைத்திருந்தார். போன வாரம் சின்னமுத்து அவன் குடியிருந்த லயத்து வீட்டை, எஸ்டேட் தொழிலாளர் வரிசையில் இருந்ததை, பூட்டிவிட்டார். வேலைக்கு ஒரு நாள் வரவில்லை என்று கோபம். கொட்டுகிற மழையில் நல்லதம்பியின் சம்சாரம் அழகுத்தாய் சட்டி பானையோடு நின்றிருக்கிறாள். அன்றைக்கு ஊரே கேட்க, இந்த ஆள் நல்ல சாவு சாகமாட்டான் என்று நல்லதம்பி கத்தியிருக்கிறான்.

"பிளக்கை யாராவது திறந்தேளா?"

"இல்ல சார். பிடுங்கினதும் சாக்குல சுத்தி நானே சீல் வச்சிட்டேன்."

முத்துசுவாமி பம்ப் ஷெட்டுக்குள் தனியாகப் போய்க் கதவைச் சாத்தினார். சீலை உடைத்தார். திருப்புளியால் பிளக்கைத் திறந்தார்.

சிவப்பு, கறுப்பு, சாம்பல் என்று மூன்று ஒயர்கள்.

கரண்ட் வரும் பின்னில் மாட்டியிருந்தது சிவப்பு.

நம் ஊரில் எந்த வயர்மேனைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அதைத்தான் சொல்வான். சிவப்பு என்றால் கரண்ட். ஆனால் முத்துசுவாமி துறையிலிருந்து எல்லோரையும் விலக்கிவிட்டு, மீட்டரோடு படகுக்கு வந்து, சிவப்பு ஒயரில் ஒரு முனையும் படகின் உடம்பில் ஒரு முனையும் வைத்துப் பார்த்தார். முள் துள்ளிக் குதித்தது.

அந்தச் சிவப்பு நேராகப் படகின் இரும்பு உடம்புக்குப் போகிறது!

பழைய ஜெர்மன் வழக்கம் அது. நாம் பச்சையை எர்த்துக்குக் கொடுப்பதுபோல அவர்கள் சிவப்பைக் கொடுப்பார்கள். அந்த ஒயரை நம் ஊர் முறையில் மாட்டினால் படகு முழுக்கக் கரண்ட். ஈரப் படியில் நின்று கம்பியைப் பிடித்தவனை யமன் பிடித்த மாதிரிதான்.

முத்துசுவாமிக்கு ஒரு ஆறுதல் வந்தது. தெரியாமல் செய்த தப்பு. அசட்டை என்று எழுதலாம், கொலை என்று எழுத வேண்டியதில்லை.

அந்த ஆறுதல் சோலை வாயைத் திறக்கும் வரைதான் இருந்தது.

சோலை கையைக் கட்டிக்கொண்டு சொன்னான். மாசம் பூரா அவன் இதே படியில் வெறுங்காலோடு நின்றுதான் படகைக் கழுவுகிறான். நேற்றுச் சாயங்காலமும் கழுவினான். ஒயர் மாட்டித்தான் இருந்தது, ஃபிரிட்ஜ் உறுமிக்கொண்டுதான் இருந்தது. அவனுக்கு ஒரு சுரீர்கூட இல்லை.

அப்படியென்றால் நேற்றுச் சாயங்காலம் வரை பிளக் சரியாக இருந்திருக்கிறது. அதற்கப்புறம் யாரோ திறந்து ஒயரை மாற்றியிருக்கிறார்கள்.

இது கொலை!

லாக்கப்பில் நல்லதம்பி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

"சிவப்பை எந்தப் பின்னிலே குடுத்தே?"

"கரண்டுலதான் அய்யா. சிவப்பு கரண்டுதான? முறைப்படிதான் மாட்டினேன். நான் ஒரு தப்பும் பண்ணல."

முத்துசுவாமி அவனையே பார்த்தார். முறைப்படி செய்தேன் என்று சொன்னால் தப்பித்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறான் பாவி. முறைப்படி மாட்டினால்தான் ஆள் சாவான் என்பது இவனுக்குத் தெரியாதா, தெரிந்தே சொல்கிறானா? அவன் சொன்னதை அப்படியே ரிப்போர்ட்டில் எழுதினால் தூக்குக் கயிற்றை அவனே திரித்துக் கொடுத்த மாதிரி ஆகும்.

வெளியே அழகுத்தாய் காத்திருந்தாள்.

"அய்யா, நாளைக் காலைல தேவிகுளம் கோர்ட்டுக்குக் கொண்டுபோறாகளாம். உங்க எழுத்துலதான் இருக்குன்னு சொல்றாக. அவரு கோவக்காரருதான் அய்யா. கொல்ற ஆளு இல்ல."

அந்தப் பிளக் மாட்டிய அன்று வீட்டில் அவன் ஏதாவது சொன்னானா என்று முத்துசுவாமி கேட்டார்.

அவள் யோசித்தாள். ஒன்றும் சொல்லவில்லையாம். அன்றைக்கு மழையே இல்லை, ஆனாலும் தலையிலிருந்து கால் வரை நனைந்து வந்தானாம். ஏன் என்று கேட்டதற்கு எரிந்து விழுந்தானாம்.

முத்துசுவாமிக்குப் புரிந்துவிட்டது. அன்றைக்கு நல்லதம்பி சிவப்பைக் கரண்டில்தான் முதலில் கொடுத்திருக்கிறான். படகைத் தொட்டவனை அது தூக்கித் தண்ணீரில் வீசியிருக்கிறது. அப்புறம்தான் சிவப்பு எங்கே போகிறது என்று கண்டுபிடித்துச் சரியாக மாற்றியிருக்கிறான். தான் மாட்டிய ஒயரே தன்னை அடித்தது என்று எந்த வயர்மேன் வெளியே சொல்வான்? லயமே சிரிக்கும்.

ஆக, நல்லதம்பி பொய் சொல்கிறான். ஆனால் பொய் சொல்பவன் எல்லாம் கொலைகாரனா?

அன்று ராத்திரியும் முத்துசுவாமிக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. கண்ணை மூடினால் லாக்கப்புக் கம்பிக்குப் பின்னால் அந்த வீங்கிய கண்கள் தெரிந்தன.

மறுநாள் காலை.

கோர்ட்டுக்குப் போக வேண்டிய போலீஸ் ஜீப், முத்துசுவாமி கேட்டுக்கொண்டபடி படகுத்துறைக்கு வந்தது. கையில் விலங்கோடு நல்லதம்பியை இறக்கி, படிக்கு மேலே ஒரு கான்ஸ்டபிளோடு நிறுத்தினார்கள்.

துறையில் இன்னும் மூன்று பேர். சோலை. சின்னமுத்துவின் மனைவி குருவம்மாள், ஒரே நாளில் வயது ஏறிப்போன முகத்தோடு. அவளுக்குப் பக்கத்தில் அவள் உடன்பிறந்த தம்பி சந்தனம். எஸ்டேட்டின் டீ ஃபேக்டரியைப் பார்த்துக்கொள்பவன் அவன். முழங்கால் வரை தொங்கும் கோட்டு, பளபளக்கும் ரப்பர் பூட்ஸ்.

"எனக்குக் கரண்டுன்னாலே பயம் சார். பல்பு மாத்தவே ஆளக் கூப்பிடுவேன்" என்று அவன் வந்ததுமே சொல்லி வைத்தான். யாரும் கேட்கவில்லை.

முத்துசுவாமி தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"பிளக்கை நேத்து நான் பிரிச்சுப் பாத்தாச்சு. உள்ளே கண்டபடி மாட்டியிருந்தது. அதாக்கும் ஆளை அடிச்சது. இப்போ சட்டப்படி நானே மாட்டியிருக்கேன். கரண்ட் குடுத்து, சாட்சிகள் முன்னாடி தொட்டுப் பாத்துட்டுத்தான் ரிப்போர்ட் எழுதணும். எல்லாரும் படியிலே இறங்கிக் கம்பியைப் பிடிச்சுக்கோங்கோ."

ஒருவரும் நகரவில்லை. நேற்று ஒரு உயிரைக் குடித்த கம்பி அது!

முத்துசுவாமி திறந்த பிளக்கைக் கையில் ஏந்தி ஒவ்வொருவர் முகத்துக்கு நேராகவும் காட்டினார். சோலையிடம் கேட்டார்: "சிவப்பு எதுக்காக்கும்?"

"கரண்டுக்குங்க."

"பாத்துக்கோ. சிவப்பு கரண்டிலேதான் இருக்கு. கறுப்பு இங்கே, சாம்பல் எர்த்துலே. சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். இனி என்ன பயம்?"

சோலை முதலில் இறங்கிக் கம்பியைப் பிடித்தான். ஏசுதாஸ் தொப்பியைச் சரிசெய்துகொண்டு பிடித்தார். குருவம்மாள் புருஷன் செத்த படியிலேயே வெறுங்காலோடு நின்று, உதட்டைக் கடித்துக்கொண்டு, அவர் பிடித்த இடத்திலேயே பிடித்தாள். சந்தனமும் அக்காவோடு தோள் உரச நின்று கம்பியில் கை வைத்தான்.

முத்துசுவாமி பிளக்கை மூடித் திருகினார். பம்ப் ஷெட் வாசலிலேயே இருந்தது சாக்கெட். அதற்கு எதிரே போய் நின்றுகொண்டார். படியில் நிற்பவர்கள் அத்தனை பேரும் அவர் கண்ணுக்கு நேராக இருந்தார்கள்.

"சிவப்பு, கரண்டிலே..." என்று மறுபடியும் நிதானமாகச் சொன்னார். "மாட்டறேன்."

பிளக் சாக்கெட்டை நெருங்கியது.

இன்னும் ஒரு விரல்கடை...

"வேண்டாம் அய்யா!"

படிக்கு மேலேயிருந்து வந்தது அந்தக் குரல். நல்லதம்பி விலங்குக் கையோடு கான்ஸ்டபிளை இழுத்துக்கொண்டு பாய்ந்து வந்தான்.

"மாட்டிராதீக. அந்தச் சிவப்பு படகுக்குப் போறது. கையை எடுங்க எல்லாரும்... கையை எடுங்க!"

கைகள் கம்பியை விட்டுத் தெறித்தன. சோலை பின்வாங்கிய வேகத்தில் தண்ணீரிலேயே விழுந்தான்.

ஏசுதாஸின் முகத்தில் மட்டும் ஒரு வெளிச்சம்.

"பாத்தீங்களா சார். இவனுக்குத் தெரிஞ்சிருக்கு. நேத்துப் பூரா முறைப்படிதான் மாட்டினேன்னு சத்தியம் பண்ணினவன். வாயாலயே ஒத்துக்கிட்டான்."

நல்லதம்பி அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டான். தன் கழுத்துக்குத் தானே கயிறு போட்டுக்கொண்டது அவனுக்கும் தெரிந்தது. ஆனால் நாலு பேர் சாவதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவனால் முடியவில்லை. அவ்வளவுதான்.

முத்துசுவாமி பிளக்கைக் கீழே வைத்தார்.

"தெரியும். இவனுக்குத் தெரியும்னு எனக்கு நேத்தே தெரியும். இந்த ஒயரை மாட்டினவனுக்குச் சிவப்பு எங்கே போறதுன்னு தெரிஞ்சிருக்கும். ஆனா அதைத் திறந்து மாத்தினவனுக்கும் தெரிஞ்சிருக்கணுமே? எர்த் பின்னிலே இருந்த சிவப்பை எடுத்துக் கரண்டிலே போட்டவன் அவனாக்கும். தெரிஞ்சவா ரெண்டு பேர். ஒருத்தன் கத்தினான். இன்னொருத்தன் கத்தலே."

அவர் சந்தனத்தின் பக்கம் திரும்பினார்.

"உங்க கை எங்கே இருந்தது, சந்தனம்?"

"கம்பியிலதான் சார். இவன் கத்தினதும் எல்லாரையும் போல எடுத்தேன்."

"இவன் கத்தறச்சே உங்க ரெண்டு கையும் கோட்டுப் பையிலே இருந்தது. நான் கத்தினவனைப் பாக்கவே இல்லே. கைகளைத்தான் பாத்துண்டு நின்னேன்."

"பொய் சார். நீங்க தூரத்துல நின்னீங்க. சரியாத் தெரிஞ்சிருக்காது."

அப்போதுதான் குருவம்மாள் வாயைத் திறந்தாள்.

அவள் தம்பியைப் பார்க்கவில்லை. தன் வலது கையைப் பார்த்தாள். கம்பியை இறுக்கிப் பிடித்ததில் அது இன்னும் சிவந்திருந்தது.

"அவரு சொல்றது நெசம். ஏங்கையும் உங்கையும் ஒட்டித்தான இருந்துச்சு. அவரு ரெண்டாவது தரம் சிவப்புன்னு சொன்னாரு பாரு... அப்பவே நைசா உருவிட்டே. குளிருதுபோல, கையைப் பையில விட்டுக்கிறான்னு நெனச்சேன்."

"அக்கா, நீ ஏதோ..."

"ஏங்கை அங்கனதான்டா இருந்துச்சு."

அவள் சத்தம் போடவில்லை. மூடுபனிக்குள் அந்த ஒரு வாக்கியம் எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டது.

"அவரைக் கொன்னதுகூட ஆத்திரம்னு நெனச்சுக்கிடுவேன். நான் வெறுங்காலோட ஓம்பக்கத்துல நிக்கிறேன். அக்கா, கையை எடுன்னு ஒரு வார்த்தை வரலையேடா ஒனக்கு. யாரோ பெத்த பிள்ளை, விலங்கு மாட்டி நிக்கிறவன், அவனுக்கு வந்துச்சு."

சந்தனத்தின் கால்கள் மெல்லப் பின்னால் போயின. ஏசுதாஸ் அவன் கோட்டுக் காலரைப் பிடித்த பிடியில் ஒரு பித்தான் அறுந்து தண்ணீரில் விழுந்தது.

மீதிக் கதையைக் குருவம்மாளே சொன்னாள். ஃபேக்டரியில் சாறு போன கழிவுத்தூளுக்குச் சாயம் ஏற்றி நல்ல தூளோடு கலந்து சந்தனம் மூட்டை கட்டி அனுப்பியதைப் புருஷன் கண்டுபிடித்துவிட்டாராம். போலீஸில் சொல்லப் போவதாக மிரட்டினாராம். அவள்தான் இரண்டு பேரையும் கெஞ்சிச் சமாதானம் பண்ணி வைத்தாளாம். சமாதானம் ஆகிவிட்டது என்று நம்பினாளாம். அதைச் சொல்லும்போதுதான் அவள் உடைந்து அழுதாள்.

சந்தனம் கடைசியில் ஒத்துக்கொண்டான். விடிவதற்கு முன்னால் பம்ப் ஷெட்டுக்குள் போனது, பிளக்கைத் திறந்தது, எர்த் பின்னில் இருந்த ஒயரைக் கரண்டுக்கு மாற்றியது, பழி வயர்மேன் மேல் தன்னால் போய்ச் சேரும் என்று கணக்குப் போட்டது எல்லாம் அவன் வாயாலேயே வந்தது. ஃபேக்டரி மோட்டார்களோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டியவனுக்குப் பல்பு மாற்றத் தெரியாதாம்!

நல்லதம்பியின் கையிலிருந்து விலங்கு கழன்று சந்தனத்தின் கைக்குப் போனது. சரிவிலிருந்து அழகுத்தாய் ஓடி வந்தாள். புருஷனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, முந்தானையால் அவன் முகத்தை அழுத்தித் துடைத்தாள். குருவம்மாள் அவர்கள் பக்கத்தில் போய் நின்று, வீட்டுச் சாவியை இன்றைக்கே வந்து வாங்கிக்கொள்ளும்படி சொன்னாள்.

ஏசுதாஸ் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் மனதில் ஒன்று நெருடிக்கொண்டே இருந்தது.

"சார், ஒரு சந்தேகம். நல்லதம்பி கத்தியிருக்கலன்னா? நீங்க மாட்டியிருப்பீங்கள்ல. நானும் கம்பியப் பிடிச்சிட்டுத்தான நின்னேன்?"

முத்துசுவாமி இரண்டு நாளில் முதல் தடவையாகச் சிரித்தார்.

"பயந்துட்டேளா? நான் என்ன அத்தனை அசடா? நீங்கள்லாம் வரதுக்கு முன்னாடியே பெட்டியைத் திறந்து ஃப்யூஸைக் கழட்டியாச்சு." சட்டைப் பையிலிருந்து வெள்ளைப் பீங்கான் கட்டை ஒன்றை எடுத்துக் காட்டினார். "சாக்கெட் செத்துக் கிடக்கு. பாருங்கோ."

டெஸ்டரை எடுத்துச் சாக்கெட்டின் துளையில் நுழைத்தார்.

டெஸ்டரின் கைப்பிடிக்குள் குட்டி விளக்கு பளிச்சென்று எரிந்தது!

முத்துசுவாமியின் சிரிப்பு பாதியில் நின்றது. எடுத்துவிட்டு மறுபடியும் நுழைத்தார். மறுபடியும் எரிந்தது.

மெல்லத் தலையைத் திருப்பி ஃப்யூஸ் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே இரண்டு வரிசை. ஒன்று பம்ப்புக்கு. இன்னொன்று படகுத்துறைக்கு. ஷெட்டின் இருட்டில் அவர் கழற்றியது பம்ப்பினுடையது.

ஏசுதாஸ் கம்பியைப் பிடித்திருந்த தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

முத்துசுவாமி பம்ப் ஷெட் வாசலிலேயே தொப்பென்று உட்கார்ந்தார். நெற்றி வியர்வையை வழித்து எறிந்துவிட்டு எஸ்.ஐ.யை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏசுதாஸ்... விலங்கு ஒண்ணுதான் கொண்டுவந்தேளா, இல்லே என் அளவுக்கும் ஒண்ணு ஜீப்பிலே இருக்கா?"